முட்டை இருந்த இடம்

பறவைக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சு இருந்த காலம் அது. உடனே ராஜாவையும் ரதத்தையும் தேட வேண்டாம். நெட்டேரிக்குள் பஸ் வராமல், ஒரு நிறுத்தம் முன்னாலேயே புளியமரத்தைச் சுற்றித் திரும்பிப் போய்க்கொண்டிருந்த காலம்தான். பட்டணத்தில் அந்தக் காலம் என்பது அவ்வளவு தூரத்தில் இல்லை.

இன்றைக்கு நெட்டேரி என்றால் பட்டணத்தின் தெற்கே ஒரு பேட்டை. மேட்டுத் தெரு, நடுத் தெரு, கரைத் தெரு என்று மூன்று பெரிய தெருக்கள். இடையில் நாலு குறுக்குச் சந்துகள். மூன்று மாடிக் குடியிருப்புகள், ஒரு கல்யாண மண்டபம், மூலைக்கு மூலை மருந்துக் கடை, வண்டியை நிறுத்த இடம் தேடி சண்டை போடும் ஜனங்கள். புதிதாக வருகிறவர்கள் ஏரி எங்கே என்று கேட்பார்கள். பேரில் இருக்கிறதே போதாதா என்று உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

நான் சொல்லும் காலத்தில் ஏரி இருந்தது. தெருக்கள்தான் இல்லை. கருவேலமும் கோரையும் சரளை மேடுமாகக் கிடந்த இடத்தில் ஏரி காலை நீட்டிப் படுத்திருந்தது. ஐப்பசியில் உடம்பு பெருக்கும், சித்திரையில் இளைக்கும். ஆனால் ஒரு வார்த்தை பேசாது. சில பெரிய மனிதர்கள் அப்படித்தானே, எல்லாம் தெரிந்திருக்கும், வாயைத் திறக்கமாட்டார்கள். ஏரிக்காகப் பேச ஆட்காட்டி இருந்தது.

ஆட்காட்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். புறாவைவிடக் கொஞ்சம் பெரிய பறவை. கறுப்புத் தலை, கண்ணோரத்தில் சிவப்புச் சதை, மஞ்சள் குச்சி போல நீளக் கால்கள். மரத்தில் உட்காராது, கூடு கட்டாது. சரளைக்கல்லைக் காலால் விலக்கி, அந்தப் பள்ளத்திலேயே நாலு முட்டையிட்டு அடைகாக்கும். யாராவது ஆள் வந்தால் அடுத்த ஊர் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தும். அதனால்தான் அந்தப் பெயர்.

நெட்டேரியில் முதல் முதலாக வீடு கட்ட வந்தவள் வேதவல்லி. அவள் புருஷன் தேசப்பனுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. வாயில்லாத மனிதன். மண்ணை வாங்கியது அவன், எங்கே கட்டுவது என்று முடிவு செய்தது அவள். தண்ணீர் பக்கத்தில் இருந்தால் குடம் தூக்குகிற பாடு குறையும் என்று, கோரைக்கு ரொம்பக் கிட்டத்தில் கயிறு பிடிக்கச் சொன்னாள். தேசப்பன் முளைக்குச்சி அடிக்கிற நேரத்தில் ஆட்காட்டி தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தியது.

"இன்னாத்துக்கு இப்டி கத்துற? நாங்க இன்னா திருடவா வந்தோம்?" என்றாள் வேதவல்லி.

"வூடு கட்டப் போறீங்களா?" என்று கேட்டது ஆட்காட்டி.

"ஆமா."

"இங்கியேவா? ஐப்பசி வந்தா இங்க மீன் குடியிருக்கும். மீனுங்களோட சேந்து ஒண்டுக்குடித்தனம் பண்ணப் போறியா?"

வேதவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பின்ன எங்கதான் கட்டறது, நீயே சொல்லேன்."

ஆட்காட்டி முன்னே குடுகுடுவென்று ஓடியது. அவர்கள் பின்னால் போனார்கள். சரிவில் ஏறி, சரளை மேடு ஆரம்பிக்கிற இடத்தில் அது நின்றது. கல்லோடு கல்லாக நாலு முட்டைகள் கிடந்தன. அது காட்டியிருக்காவிட்டால் தேசப்பன் மிதித்தே இருப்பான்.

"ஏரி எவ்ளோ நெறஞ்சாலும் இதுக்கு மேல ஏறாது. இது எனக்கும் தெரியும், எங்கம்மாவுக்கும் தெரியும். என் முட்டைக்கு மேல்பக்கமா கட்டிக்கோ. நல்லா இருப்ப."

"நீ சொல்றது நெசம்தானா?"

"என் புள்ளைங்கள வெச்சிகினு யாராவது பொய் சொல்லுவாங்களா?" என்றது ஆட்காட்டி. "ஆனா ஒண்ணு. முட்டை மேல யாரும் கை வெக்கக் கூடாது. நீங்க கை வெக்காத வரைக்கும்தான் நான் காட்டற இடம் நெசமா இருக்கும்."

வேதவல்லி குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அதன் மேல் சத்தியம் செய்தாள். மேட்டிலேயே வீடு கட்டினாள். அந்த ஐப்பசியில் ஏரி ஏறி வந்து, முட்டை இருந்த பள்ளத்துக்கு ஒரு முழம் கீழே நின்று, திரும்பிப் போனது. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வேதவல்லி, உள்ளே போய் ஒரு கைப்பிடி அரிசியைக் கொண்டுவந்து இறைத்தாள். ஆட்காட்டி அரிசி தின்னாது. இருந்தாலும் வந்து கொத்துகிற மாதிரி பாவனை செய்துவிட்டுப் போனது. அவ்வளவு சிநேகம்.

அவளைப் பார்த்து இன்னொருவர் வந்தார், அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். மேட்டுத் தெரு வந்தது. பிறகு நடுத் தெரு. புளியமரத்தடியில் டீக்கடை வைத்திருந்த நாதமுனி, கடையை மட்டும் அங்கேயே வைத்துக்கொண்டு, குடியிருப்பை நெட்டேரிக்கு மாற்றிக்கொண்டார். நெட்டேரியில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. கடைக்கால் போடுவதற்கு முன்னால், வேறு பேட்டைகளில் ஜோசியரைப் பார்ப்பார்கள், வாஸ்து பார்ப்பார்கள். இங்கே முட்டை பார்ப்பார்கள். ஒவ்வொரு சித்திரையிலும் வேதவல்லி தனியாகப் போய், முட்டை எங்கே இருக்கிறது என்று தொடாமல் பார்த்துவிட்டு வருவாள். முதலில் குடி வந்தவள் என்பதால் அந்த மரியாதை அவளுக்கு. அவள் கைகாட்டுகிற இடத்தில் நாதமுனி ஒரு வேப்பங்கழியை நட்டு மஞ்சள் துணி கட்டுவார். கழிக்குக் கீழே யாரும் ஒரு கோழிக்கூண்டுகூட வைக்கமாட்டார்கள். "முட்டை பாத்தாச்சா?" என்பதுதான் வீடு கட்டுகிறவனிடம் நெட்டேரி கேட்கிற முதல் கேள்வி.

கழி வருஷா வருஷம் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நின்றது. ஜனங்கள்தான் கூடிக்கொண்டே போனார்கள்.

பிறகு மழை பொய்த்தது. ஒரு வருஷம் இல்லை, தொடர்ந்து சில வருஷம். ஏரி சுருங்கி, நடுவில் ஒரு குட்டையாகி, சுற்றிலும் வெடித்த களிமண்ணாகக் கிடந்தது. பிள்ளைகள் அங்கே பந்து விளையாடினார்கள். ஆட்காட்டி மட்டும் பழைய இடத்திலேயே முட்டையிட்டது.

"ஏரிதான் செத்துப் போச்சே, இன்னும் இன்னாத்துக்கு இவ்ளோ மேல வெக்கிற?" என்று நாதமுனி கேட்டார்.

"ஏரி ஊருக்குப் போயிருக்குது. திரும்பி வரும். வர்றப்போ அதோட வூட்ல வேற யாராவது இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றது ஆட்காட்டி.

நாதமுனிக்கு அது சரியென்றுதான் பட்டது. அப்போதெல்லாம் ஆட்காட்டி சொன்னால் மறுபேச்சு இல்லை.

வேதவல்லிக்கு ஒரு தங்கை, அம்சவேணி. தாய் சீக்கிரமே போய்விட்டதால் அவளை இடுப்பில் வைத்து வளர்த்தது வேதவல்லிதான். தங்கை என்றாலும் அவளுக்கு மூத்த பிள்ளை மாதிரி. அம்சவேணி கல்யாணமாகிப் பட்டணத்து நடுவில், எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே குழாய் உள்ள ஒரு வீட்டில் இருந்தாள். புருஷன் லோகநாதன் ஒரு லாரிப் பட்டறையில் ஃபிட்டர். நல்ல பையன், எதற்கும் சிரிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் புளியமரத்தில் இறங்கி நடந்து வருவார்கள். சாயங்காலம் அவர்களை பஸ் ஏற்றிவிட்டு, பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகும் வேதவல்லி அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போவாள்.

அந்த மாசியில் அம்சவேணி மசக்கையோடு வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"வூட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லிட்டாங்கக்கா. கொழந்த அழுதா மத்தவங்களுக்குத் தொந்தரவாம். எங்க போறதுன்னே தெரியல. ஒன் பக்கத்துலயே ஒரு கொட்டாய் போட்டுக்கினாகூடப் போதும்க்கா."

மேட்டுத் தெருவும் நடுத் தெருவும் அடைசலாகிவிட்டிருந்தன. வேதவல்லி வீட்டுக்குப் பின்பக்கம் மட்டும் காலி மனை இருந்தது. அது மஞ்சள் துணிக்குக் கீழே இருந்தது. கீழே என்றால் பாதாளத்திலா இருந்தது? சமையலறை ஜன்னலைத் திறந்தால் தெரிகிற தூரம். அங்கே அம்சவேணி துணி உலர்த்துவதையும், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதையும் வேதவல்லி அந்த ஜன்னலில் நின்றபடியே பார்த்துவிட்டாள். ஆசை அப்படித்தான், இல்லாததையெல்லாம் காட்டும்.

சித்திரையில் ஆட்காட்டி முட்டையிட்டதும் அவள் போய் அதன் எதிரில் உட்கார்ந்தாள்.

"இந்த ஒரு தடவ கொஞ்சம் கீழ தள்ளி வெச்சிருக்கக் கூடாதா?"

"நானா வெக்கிறேன்? ஏரி வுட்ட எடத்துல வெக்கிறேன்."

"மூணு வருஷமா ஒரு சொட்டு இல்ல. என் தங்கச்சி புள்ளத்தாச்சி, தெருவுல நிக்கப் போறா."

"அதுக்காக என்னத் தண்ணியில வெக்கச் சொல்றியா, வேதா? அவளையும் சேத்தா?"

வேதவல்லி எழுந்து வந்துவிட்டாள். அவளுக்கு ரொம்பக் கோபம். ஒரு குருவிக்கு இவ்வளவு பிடிவாதமா என்று தேசப்பனிடம் சொல்லி அழுதாள். அவன் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினான்.

வெயில் காலத்தில் ஆட்காட்டிக்கு ஒரு வேலை உண்டு. உச்சி வெயிலில் முட்டை வெந்துபோகாமல் இருக்க, குட்டைக்குப் பறந்து போய், அடிவயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். தன் உடம்பையே ஈரத்துணியாக்கிக் கொள்கிற தாய் அது. மறுநாள் மத்தியானம் அது அப்படிப் பறந்து போன நேரம், வேதவல்லி சரிவுக்கு வந்தாள். தெருவில் ஒரு ஜீவன் இல்லை. நாலு முட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டாள். முட்டைகள் கைக்குச் சூடாக இருந்தன. ஒன்றுக்குள் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் சரிவில் இறங்கினாள். காலி மனையையும் தாண்டி, களிமண் தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், சரளையை விலக்கிப் பள்ளம் செய்து, அது வைத்திருந்தது போலவே கூர்முனைகள் உள்பக்கம் இருக்கும்படி அழகாக வைத்தாள். யாருக்கும் கெடுதல் செய்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

ஆட்காட்டி நனைந்த வயிற்றோடு வந்தது. பள்ளம் காலியாகக் கிடந்தது. அது கத்திய கத்தலில் தெருவே எழுந்து உட்கார்ந்தது. அங்கும் இங்கும் பறந்து தேடி, கடைசியில் கீழே முட்டைகளைக் கண்டுபிடித்தது. ஓடி வந்து வேதவல்லியின் வாசலில் நின்றது.

"வேதா, என் முட்டைங்க கீழ கெடக்குது. யார் எடுத்தது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் வேதவல்லி. "நீயே அங்க வெச்சிட்டு மறந்துட்டிருப்ப. வெயில் தலைல ஏறியிருக்கும்."

ஆட்காட்டி அவளையே பார்த்தது. பெற்ற இடத்தை எந்தத் தாய் மறப்பாள்? ஆனால் அது அவளைச் சந்தேகப்படவில்லை. அந்தக் காலத்தில் அதற்குச் சந்தேகப்படத் தெரியாது.

"சரி, யாரோ பண்ணிட்டாங்க. எனக்குக் கை இல்ல, தூக்க முடியாது. நீ வந்து பழைய எடத்துல எடுத்து வெச்சிடு. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

வேதவல்லி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "முட்டை மேல கை வெக்கக் கூடாதுன்னு நமக்குள்ள பேச்சு இல்லியா? மண்ணு மேல சத்தியம் பண்ணியிருக்கேன். நான் எப்பிடித் தொடுவேன்?"

ஆட்காட்டி திரும்பிப் போய்க் கீழேயே அடைகாத்தது. வேறென்ன செய்யும்? நாலு உயிரை வெயிலில் விட்டுவிட்டு நியாயம் பேசிக்கொண்டிருக்க முடியுமா?

அன்று சாயங்காலமே வேதவல்லி நாதமுனியிடம், "முட்டை கீழ எறங்கியிருக்குது, போய்ப் பாருங்க" என்றாள். நாதமுனி போய்ப் பார்த்தார். ஆட்காட்டி முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. அவரைப் பார்த்து, "இது நான் வெச்ச எடம் இல்ல" என்றது. "கூச்சப்படாத ஆட்காட்டி, ஏரி வத்திட்டதுன்னு நீயும் ஒத்துக்கினியே, அதுவே சந்தோசம்" என்று சொல்லிவிட்டு அவர் கழியைப் பிடுங்கிக் கீழே நட்டார். அவருக்கும் மகளுக்கு ஒரு மனை வேண்டியிருந்தது. நமக்குச் சாதகமாக இருக்கிற செய்தியை இரண்டாவது தடவை விசாரிக்கிற வழக்கம் யாருக்கு இருக்கிறது?

அப்படித்தான் கரைத் தெரு உண்டானது. அம்சவேணிக்கு மட்டுமென்று வேதவல்லி நினைத்தது, வரிசையாக இருபது வீடானது. ஆடி முழுக்கச் செங்கல் வண்டிச் சத்தம். ஆவணியில் அம்சவேணி வீட்டில் பால் காய்ச்சினார்கள். ஓர் அறை, ஒரு சமையலறை, மேலே தளம். மாடிக்குப் படி மட்டும் பாக்கி. தைக்குள் கட்டிவிடலாம் என்றான் லோகநாதன்.

அந்த இரண்டு மாதம் வேதவல்லி இருந்த சந்தோஷத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். குழம்புக் கிண்ணம் சுவர் தாண்டிப் போகும், திரும்பி வரும்போது அதில் ஏதாவது இருக்கும். புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. வேதவல்லிதான் குளிப்பாட்டினாள், சாம்பிராணி போட்டாள். சமையலறை ஜன்னலைத் திறந்தால், ஆசைப்பட்டது ஒன்றுகூடக் குறையாமல் தெரிந்தது.

ஐப்பசி நடுவில் ஒரு விடியற்காலையில் ஆட்காட்டி கரைத் தெருவுக்கு வந்தது. வீட்டுக்கு வீடு தாழப் பறந்து கத்தியது.

"எழுந்திரிங்க! மேட்டுக்குப் போங்க! ஏரி வருது!"

வானம் கறுத்திருந்தது. ஆனால் ஐப்பசியில் வானம் கறுக்காமல் என்ன செய்யும்? ஜனங்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"இன்னா பேச்சு இது?" என்றார் நாதமுனி. "ஒன் முட்டை எங்களுக்கும் கீழதானே இருந்துது? நீ காட்டின எடத்துலதானே கட்டியிருக்கோம்?"

"நான் காட்டல. யாரோ எடுத்து வெச்சாங்க. அப்பவே ஒன்கிட்ட சொன்னேனே!"

எல்லோரும் வேதவல்லியைப் பார்த்தார்கள். முட்டை பார்க்கிறவள் அவள்தானே.

"நீ சொல்லு வேதா," என்றார் நாதமுனி. "முட்டை அங்கதானே இருந்துது?"

ஒரு வார்த்தை. அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அரை மணியில் தெரு காலியாகியிருக்கும். அம்சவேணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேதவல்லிக்கு வந்த பயம் தண்ணீரைப் பற்றியது இல்லை. இத்தனை பேர் முன்னால், அதுவும் தங்கை முன்னால், சத்தியம் மீறியவளாக நிற்பதா என்பதுதான் அவள் பயம்.

"அங்கதான் இருந்துது," என்றாள். "பாவம், அதுக்குப் புத்தி கலங்கிப் போச்சு."

ஜனங்கள் கலைந்தார்கள். வேதவல்லி மட்டும் தங்கையின் கையைப் பிடித்தாள்.

"நீ கொழந்தையத் தூக்கிகினு நம்ம வூட்டுக்கு வந்துடு அம்சா. ரெண்டு நாள் இரு. மழ வுட்டதும் போய்க்கலாம்."

"எதுக்குக்கா?" என்று சிரித்தாள் அம்சவேணி. "நீயே முட்டையப் பாத்துட்டு சொல்லியிருக்க. அதுக்கு மேல எனக்கு இன்னா பயம்?"



மழை காலையிலேயே பிடித்தது. மத்தியானத்துக்குள் மேற்கே இருந்த ஏரிகளெல்லாம் நிரம்பி, ஒன்றுக்கு ஒன்று தண்ணீரைத் தள்ளிவிட்டன. நெட்டேரி தன் பழைய படுக்கையைத் தேடிக்கொண்டு வந்தது. வழியில் இருந்த வீடுகள் அதற்குப் புதிது. முதலில் வாசற்படி, பிறகு ஜன்னல். கரைத் தெரு ஜனங்கள் சிலர் ஓடினார்கள், சிலர் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாடிக்கு ஏறினார்கள். அம்சவேணிக்கு ஏற மாடிப்படி இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்து, சன்ஷேடு மேல் ஏறி, குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வேதவல்லி வீட்டுக்குப் பின்னால் சரிவில் தண்ணீர் வந்து நின்றது. பழைய கழி இருந்த இடத்துக்கு ஒரு முழம் கீழே. அதற்கு மேல் ஏறவில்லை. அவள் காலடி காய்ந்திருந்தது. எதிரே, மழைத் திரைக்குள்ளிருந்து, "அக்கா! அக்கா!" என்ற குரல் கேட்டது. ஆள் தெரியவில்லை.

நாதமுனியும் தேசப்பனும் தாம்புக் கயிற்றை வீட்டுத் தூணில் கட்டி, இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கிற கை தெரியாத மழை. எந்தப் பக்கம் போவது என்று தடுமாறினார்கள். அப்போது மேலே ஒரு கத்தல் கேட்டது. ஆட்காட்டி ஒரே இடத்துக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை வைத்து நீந்தினார்கள். அதற்கு நேர் கீழே அம்சவேணி இருந்தாள். தாயையும் குழந்தையையும் கரை சேர்த்தார்கள். இன்னும் யார் யார் சிக்கியிருந்தார்களோ, அவர்கள் தலைக்கு மேலெல்லாம் அது போய்க் கத்தியது. கரைத் தெரு ஜனங்கள் பிழைத்தது அந்தக் கத்தலால்தான்.

லோகநாதனை மட்டும் அது பார்க்கவில்லை. பட்டறையிலிருந்து பாதி வேலையில் கிளம்பிய அவன், புளியமரத்தில் இறங்கினான். போகாதே என்று டீக்கடையில் இருந்தவர்கள் தடுத்தார்கள். "கொழந்த இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். தெரு என்று நினைத்து அவன் கால் வைத்தது பழைய மதகுப் பள்ளத்தில். ஏரிக்கு மதகு எங்கே இருந்தது என்று, பிறகு வந்தவனுக்கு எப்படித் தெரியும்?

தண்ணீர் வடிந்து, அவனைக் கண்டெடுத்து, காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள், அம்சவேணி அக்காவின் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். அந்த முட்டைய யார் எடுத்து வெச்சது?"

அவளுக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. வேதவல்லி தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.

"நான்தான் அம்சா. நீ பக்கத்துல இருக்கணும்னுதான்..."

அம்சவேணி கத்தவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"தெரியும்க்கா. என் மேல இருக்கிற ஆசையிலதான் செஞ்ச. எடுத்து வெச்சதக்கூட நான் மன்னிச்சிடுவேன். அன்னிக்குக் காலைல என் மூஞ்சியப் பாத்துகினே சொன்னியே, அதத்தான் என்னால முடியல."

மறுநாள் திருத்தணிப் பக்கம் இருக்கிற மாமனார் வீட்டுக்குப் போனாள். வேதவல்லி புளியமரம் வரைக்கும் கூடவே போனாள். பஸ் கிளம்பியபோது அம்சவேணி திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் சந்திக்கவே இல்லை. அந்தக் குழந்தைக்குப் பெரியம்மா முகம் தெரியாது. பக்கத்தில் வைத்துக்கொள்ளச் செய்த காரியம் அப்படி முடிந்தது.

வேதவல்லி நேராகச் சரிவுக்குப் போனாள். ஆட்காட்டி சேற்றோரத்தில் நின்றுகொண்டிருந்தது. அவள் மண்ணில் விழுந்து நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"ஏதாவது பேசு ஆட்காட்டி. திட்டினாலும் பரவால்ல. ஒன் வாயால ஒரு வார்த்த சொல்லு."

அது அவளைப் பார்த்தது. பிறகு சிறகை விரித்து, மேலே எழும்பி, கத்தியது. அந்தக் கத்தலில் வார்த்தை எதுவும் இல்லை. நாதமுனி போய்ப் பேசிப் பார்த்தார். தெருவே திரண்டு போய்க் கும்பிட்டது. யாருக்கும் அது ஒரு சொல் கொடுக்கவில்லை.

அடுத்த சித்திரையில் வேப்பங்கழியோடும் மஞ்சள் துணியோடும் நாதமுனி சரிவெல்லாம் தேடினார். எங்கேயும் முட்டை இல்லை. கடைசியில் தேசப்பன்தான் பார்த்தான். தன் வீட்டு மொட்டை மாடியில், தளத்துக்குப் போட்டு மிச்சமான ஜல்லிக் குவியலை விலக்கி, ஆட்காட்டி நாலு முட்டையோடு உட்கார்ந்திருந்தது. மனிதர் கை நகர்த்தாத மண் நெட்டேரியில் இனி இல்லை என்று அது நினைத்திருக்க வேண்டும். வேதவல்லி மாடிப்படியில் பாதி ஏறி, அதைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் இறங்கிவிட்டாள். குஞ்சுகள் போகிற வரைக்கும் அவள் துணியை வாசலிலேயே உலர்த்தினாள். நாதமுனி கழியை எங்கே நடுவது என்று தெரியாமல் வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோனார். அதற்கடுத்த வருஷம் கரைத் தெருவில் சுவர்களுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்து, தண்ணீர் நின்ற கறை தெரியாதபடி செய்து, வேறு ஆட்களுக்கு விற்றார்கள்.

அந்த ஐப்பசிக்குப் பிறகுதான் ஆட்காட்டி மனிதரைக் கண்டால் பேசாமல் கத்துகிறது, மண்ணை விட்டு மொட்டை மாடியில் முட்டையிடுகிறது. நெட்டேரிக்கு வீடு தேடி வருகிறவர்களும் அன்றிலிருந்துதான், இங்கே தண்ணீர் வருமா என்று மனிதர்களைக் கேட்க வேண்டியிருக்கிறது.